உருளியா, கல்தொட்டியா, தையல் மிஷின் காலா, சாய்வு நாற்காலியா? கோடை வராந்தாவுக்கு ஒரு பழைய பொருள்

பங்குனி பிறந்தால் போதும், வாசகர்களிடமிருந்து ஒரே கேள்வி பல வடிவங்களில் வரத் தொடங்கிவிடுகிறது. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஓர் உருளி கண்ணில் பட்டது, வாங்கலாமா? பாட்டி வீட்டுப் பரணில் தையல் மிஷினின் இரும்புக் கால் கிடக்கிறது, காயலான் கடைக்குப் போடுவதா, மேசையாக்குவதா? காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு சாய்வு நாற்காலி பார்த்தோம், பிரம்பு கிழிந்திருக்கிறது, சரிசெய்ய முடியுமா? கேட்பவர்கள் எல்லோருக்கும் வேண்டியது ஒன்றுதான். வீட்டு முன்வராந்தா கோடையில் பார்க்க அழகாக இருக்க வேண்டும். புதிதாக வாங்கிக் குவிக்காமல், பழைய பொருள் ஒன்றை வைத்தே அதைச் செய்ய வேண்டும்.

அதிகம் கேட்கப்படும் நான்கு பொருள்களை இங்கே எடுத்துக்கொள்கிறேன். அவற்றை எடைபோடும் அளவுகோல்கள் முதலில்.

## எதை வைத்து முடிவு செய்வது

வெயில். வராந்தா எந்தத் திசை பார்க்கிறது என்பதே பாதிக் கேள்விக்கு விடை சொல்லிவிடும். இதில் பலர் ஏமாறுவது, மார்கழி, தை மாதங்களில் வெயில் விழும் இடத்தைப் பார்த்துவிட்டுக் கோடைக்குத் திட்டமிடுவதால்தான். சென்னையில் ஏப்ரல் 25 வாக்கில் உச்சிச் சூரியன் நேர் தலைக்கு மேல் நிற்கிறது. அதன்பின் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் சற்று வடக்கே சாய்ந்திருக்கும். எனவே தையில் வெயில் கொட்டிய தெற்கு வராந்தா, மே மாதத்தில் சாதாரண வெயில் மறைப்பு இருந்தாலே நிழலாகிவிடும். கிழக்கு வராந்தாவுக்குக் காலை வெயில் மட்டும்தான். மேற்குதான் சோதனை: இரண்டு மணிக்குமேல் சாய்வாக உள்ளே புகுந்து சுவர்வரை சுடும். மே 4 வாக்கில் தொடங்கி மே 28 வரை நீளும் அக்னி நட்சத்திர நாட்களில் மேற்கு வராந்தாவில் எந்தப் பொருளும் பாடுபடும்.

தினசரி வேலை. வாங்கிய வாரத்தில் எல்லோரும் துடைத்து வைப்பார்கள். ஐந்தாவது வாரத்தில் யார் துடைப்பது?

எடையும் இடமும். சொந்த வீடா, வாடகையா, தரைத்தளமா, மூன்றாவது மாடியா?

தண்ணீரும் கொசுவும். தண்ணீர் நிற்கும் எந்தப் பாத்திரமும் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு வீடு.

விலை போக மற்றவை. ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, வண்டி வாடகை, பழுது, பாலிஷ், ஆண்டுதோறும் பராமரிப்பு. கடைக்காரரிடம் பேசி இருநூறு ரூபாய் குறைத்த மகிழ்ச்சியில் இவற்றை மறந்துவிடுகிறோம்.

கடைசி அளவுகோலுக்கு நான் அதிக மதிப்பெண் கொடுப்பேன். இந்தப் பொருள் வந்த பிறகு வராந்தாவில் யாராவது உட்காருவார்களா? திண்ணையும் வராந்தாவும் உட்காருவதற்காகக் கட்டப்பட்டவை. செருப்பு கழற்றிவிட்டுக் கடந்து போகும் இடமாக அவை சுருங்கிவிட்ட வீடுகளில், அலங்காரம் மட்டும் அவற்றை மீட்டுவிடாது.

## பித்தளை உருளி

தண்ணீர் நிரப்பிப் பூ மிதக்க விட்ட உருளியின் அழகைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. எல்லோர் மனதிலும் முதலில் வருவது அதுதான். ஆனால் நான்கில் அதிக உழைப்பைக் கேட்பதும் அதுவே.

உருளியில் பழைய வார்ப்பு வகை கனமாக இருக்கும், விளிம்பு தடித்திருக்கும். தகட்டை அடித்துச் செய்தது இலேசானது. செம்பும் துத்தநாகமும் கலந்தது பித்தளை. செம்பும் வெள்ளீயமும் கலந்தது வெண்கலம். கடையில் இரண்டையும் ஒரே பெயரில் விற்பார்கள். கையை மடக்கி விளிம்பில் ஒரு தட்டுத் தட்டுங்கள். விரிசல் இல்லாத வார்ப்பு உருளி நீண்டு ஒலிக்கும்; விரிசல் இருந்தால் ஒலி உடனே அடங்கிவிடும். பிறகு தூக்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்து அடிப்பகுதியைப் பாருங்கள். ஊசித் துளைகளும் ஈயப்பற்று வைத்த இடங்களும் தெரிந்துவிடும்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உண்மையான கணக்கு தொடங்குகிறது. தண்ணீர் நிற்கும் மட்டத்தில் ஒரு வளையம் கறுக்கும். விட்டுவைத்தால் பச்சைக் களிம்பு பிடிக்கும். புளியும் உப்பும் போட்டுத் தேய்த்தால் போய்விடும், சில நாட்களில் திரும்பவும் வரும். பளபளப்பு நிற்கட்டும் என்று லாக்கர் என்னும் நிறமற்ற மேல்பூச்சைப் பூசித் தருபவர்கள் இருக்கிறார்கள். வீட்டுக்குள் வைக்கும் பொருளுக்கு அது சரி. வெயிலும் தண்ணீரும் படும் இடத்தில் லாக்கர் திட்டுத்திட்டாக உரியும், அப்போது உருளி முன்பைவிட அசிங்கமாகத் தெரியும்.

கொசு விஷயத்தில் ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஏடிஸ் முட்டை கொசுவாக மாற ஏழு முதல் பத்து நாட்கள் போதும். அது முட்டையிடுவது தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் சுவரில். அந்த முட்டைகள் காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஆகவே தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றுவது மட்டும் போதாது. வாரம் ஒரு முறையாவது சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். கொசுப்புழுவைத் தின்ன மீன் விடலாமே என்று கேட்பவர்களுக்கு: உருளியில் விடாதீர்கள். பித்தளையிலிருந்து தண்ணீரில் கரையும் செம்பு மீனுக்கு நஞ்சு.

இரண்டடி அகல உருளியில் ஏறக்குறைய இருபது, இருபத்தைந்து லிட்டர் பிடிக்கும். கோடையில் தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் தெருவில் அதை அடிக்கடி மாற்றுவது மனதுக்கு ஒப்பாது. மாற்றும் தண்ணீரைச் செடிகளுக்கு ஊற்றினால் அந்தக் குறை தீரும். தெருவைப் பார்த்த வராந்தா என்றால் திருட்டுப் பயமும் உண்டு. பித்தளைக்கு எடைக்கு எடை காசு என்பது எல்லோருக்கும் தெரியும். தினமும் இரவு உள்ளே எடுத்து வைக்க வேண்டியிருக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் உருளி சிறந்த தேர்வாகும் வீடு உண்டு. கிழக்கு அல்லது தெற்கு வராந்தா, கேட் பூட்டும் வசதி, காலையில் பூப்பறித்து மிதக்கவிடும் பழக்கம் உள்ள ஒருவர். அந்த வீட்டில் ஒன்றரை அடிக்கு மிகாத உருளி வாங்குங்கள், ஒருவரே தூக்கிக் கவிழ்க்கலாம். மேற்கு வராந்தாவில் மட்டும் வேண்டாம். மதியத்துக்குள் உலோகம் தொட முடியாமல் சுடும், மல்லிகை பழுத்துப்போகும்.

## கல்தொட்டி

மாட்டுக்குக் கழுநீர் வைத்த தொட்டிகள்தான் பெரும்பாலும் விற்பனைக்கு வருகின்றன. பழைய வீடு இடிக்கும் இடங்களிலும், ஊர்ப்புறக் கடைகளிலும் கிடைக்கும். விலை பல நேரங்களில் எதிர்பார்ப்பதைவிடக் குறைவு. காரணம், தூக்கிச் செல்ல ஆள் இல்லை.

எடையைக் கணக்கிட்டுப் பார்ப்போம். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம், சுவர் இரண்டு அங்குலம் உள்ள சிறிய கருங்கல் தொட்டி. கல்லின் அளவு மட்டும் சுமார் 30 லிட்டர் வரும். கருங்கல் தண்ணீரைப்போல் 2.7 மடங்கு கனம் என்பதால், காலித் தொட்டியே 80 கிலோவைத் தாண்டும். தண்ணீர் நிரப்பினால் நூறைத் தாண்டும். இதை மாடிக்கு ஏற்றுவது வீண் வேலை. தரைத்தளத்திலும் குட்டியானை வண்டி, இரண்டு ஆட்கள், இறக்கும்போது உடையும் டைல்ஸ் ஆகியவற்றைச் சேர்த்துத்தான் விலை பேச வேண்டும். நேரடியாகத் தரையில் வைக்காமல் இரண்டு செங்கல் வரிசை மேல், நடுவில் மணல் பரப்பி உட்கார வையுங்கள்.

வாங்கும் முன் தண்ணீர் நிரப்பி ஓர் இரவு விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மயிரிழை விரிசலை சிமென்ட் பூசி மூடலாம். ஆனால் புது சிமென்டிலிருந்து சுண்ணாம்பு இறங்கும். இரண்டு வாரம் தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றிய பிறகே மீன் விட வேண்டும்.

வேலை எல்லாம் தொடக்கத்தில்தான். கீழே குளத்து மண்ணோ தோட்டத்துக் களிமண்ணோ போட்டு அல்லிக்கிழங்கு நட்டு, நாலைந்து கப்பி மீன் விட்டால், கொசுப்புழு மீனுக்கு உணவாகிவிடும். ஆவியாகும் தண்ணீரை நிரப்பிவந்தால் போதும். தொழுவுரம் போடாதீர்கள், தண்ணீர் நாறும். அல்லி பூக்க நாளுக்கு ஐந்து, ஆறு மணி நேரம் நேர் வெயில் வேண்டும். அதனால் வராந்தாவின் உள்ளே வைப்பதைவிட, படியோரத்தில் வெயில் விழும் விளிம்பில் வைப்பதே சரி. நிழல் மட்டுமே உள்ள வராந்தாவில் இலை வரும், பூ வராது.

தொட்டித் தண்ணீர் வராந்தாவைக் குளிர்விக்குமா என்று பலர் கேட்கிறார்கள். கொஞ்சமும் நம்பாதீர்கள். அவ்வளவு சிறிய நீர்ப்பரப்பிலிருந்து ஆவியாவது மிகக் குறைவு; அதிலும் சென்னை, தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் ஆவியாதல் மேலும் மந்தம். மாலையில் செங்கல் தரையில் தண்ணீர் தெளிப்பது அதைவிட அதிகம் குளிர்ச்சி தரும்.

இவ்வளவு பாடு வேண்டாம், ஆனால் கல் வேண்டும் என்பவர்கள் தங்கள் கொல்லைப்புறத்தையே ஒருமுறை பார்க்கலாம். கிரைண்டர் வந்த நாளிலிருந்து ஒதுக்கப்பட்ட ஆட்டுக்கல் பல வீடுகளில் சுவரோரம் கிடக்கிறது. குழவியை எடுத்துவிட்டுக் குழியில் தண்ணீர் ஊற்றினால் மைனாவும் தவிட்டுக்குருவியும் வரும். குழி சிறியது, தினமும் ஒரு செம்பு தண்ணீர், ஒரு தென்னந்துடைப்பத் தேய்ப்பு. செலவே இல்லாத இந்த ஆட்டுக்கல், காசு கொடுத்து வாங்கும் பலவற்றைவிட எனக்கு உயர்வாகத் தெரிகிறது.

## தையல் மிஷினின் இரும்புக் கால்

சிங்கர், உஷா போன்ற பெயர்கள் பக்கவாட்டில் வார்த்திருக்கும் மிதிபலகைக் கால். மேலே ஒரு பலகையோ கடப்பாக்கல்லோ வைத்தால் செடிமேசை தயார். இரண்டடிக்கு ஒன்றரை அடி, இரண்டு சென்டிமீட்டர் தடிமன் உள்ள கடப்பாக்கல் சுமார் 15 கிலோதான் வரும். இரண்டு பேர் தூக்கலாம், வீடு மாறும்போது கழற்றிக் கொண்டுபோகலாம். வாடகை வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமானது இந்த நான்கில் இல்லை.

பார்க்க வேண்டியது விரிசல். இது வார்ப்பிரும்பு. தெருமுனை வெல்டிங் பட்டறையில் சாதாரணக் குச்சியால் ஒட்டினால் பக்கத்திலேயே மறுபடி விரியும். அதற்குத் தனிக் குச்சியும் பக்குவமும் வேண்டும். உடைந்ததை மலிவு என்று வாங்காதீர்கள். துரு பயப்படும் விஷயமல்ல: கம்பித் தூரிகை, மண்ணெண்ணெய், ரெட் ஆக்சைடு, மேலே எனாமல் பெயின்ட். கடற்கரை ஊரில் ஆண்டுக்கு ஒரு கோட் தேவைப்படும்.

சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் சக்கரத்தையும் மிதிபலகையையும் கம்பியால் இறுகக் கட்டிவிடுங்கள். விரல் மாட்டிக்கொள்ளும்.

## சாய்வு நாற்காலி

தாத்தாக்கள் நாளிதழ் விரித்துப் படுத்திருந்த நாற்காலி. துணி தொங்கவிட்டது, பிரம்பு பின்னியது என இரண்டு வகை. இரண்டுக்கும் சட்டத்தைத்தான் முதலில் சோதிக்க வேண்டும்.

நாற்காலியைக் கவிழ்த்துப் போடுங்கள். மேல்பக்கம் பாலிஷ் மறைத்ததையெல்லாம் அடிப்பக்கம் காட்டிவிடும். குண்டூசித் தலை அளவு ஓட்டைகள் இருந்தால் நிறத்தைப் பாருங்கள். ஓட்டையின் உள்விளிம்பு கறுத்திருந்தால் பழைய உளு, வண்டு போய்விட்டது. விளிம்பு வெளிறி, தட்டும்போது மாவு போன்ற தூள் கொட்டினால் வண்டு இன்னும் உள்ளேதான் இருக்கிறது. தேக்கின் வைரப் பகுதியை உளு எளிதில் அண்டாது. வெளிறுப் பகுதியைத்தான் தின்னும். அதனால் தேக்கு என்ற ஒரு சொல்லே உத்தரவாதம் ஆகாது. துணி வகையில், பின்பக்கம் சாய்வைக் கூட்டிக் குறைக்கும் பல்வெட்டுகளில் விரலை ஓட்டிப் பாருங்கள். பல் தேய்ந்திருந்தால் உட்கார்ந்தவர் மல்லாந்து விழுவார். தச்சர் அந்தப் பட்டையை மட்டும் மாற்றித் தர முடியும். அந்தக் கூலியைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள்.

யாரும் சொல்லாத செலவு மூட்டைப்பூச்சி. மூட்டுகளிலும் பிரம்பு கோத்த துளைகளிலும் ஒளிந்திருக்கும். புதிதாக வந்த நாற்காலியை முதல் இரண்டு வாரம் வீட்டுக்குள் கொண்டுபோகாதீர்கள். எப்படியும் பாலிஷ் உரிக்கப்போகிற நாற்காலி என்றால் மூட்டுகளில் கொதிநீர் ஊற்றுங்கள். முட்டையிலிருந்து புதிதாக வருவதற்காகப் பத்து நாள் கழித்து இன்னொரு முறை.

பிரம்பு தொய்ந்திருந்தால் உடனே பின்னல்காரரைக் கூப்பிட வேண்டாம். அடிப்பக்கத்தில் வெந்நீர்த் துணியால் நன்றாக நனைத்து, நிழலில் காயவிடுங்கள். அறுபடாத பிரம்பு காயும்போது தானே இறுகும். அறுந்திருந்தால் முழுப் பின்னல்தான். அந்தக் கூலி சில சமயம் நாற்காலி விலையையே எட்டிவிடும். நைலான் ஒயர் மலிவு, வெயிலையும் தாங்கும். வியர்க்கும் முதுகுக்கு மட்டும் பிரம்புக்கு ஈடாகாது. துணி வகைக்குச் செலவு குறைவு. கித்தான் நல்லது. பவானி ஜமுக்காளத்தை இரட்டையாக மடித்து, இரு முனையிலும் கம்பு நுழைய மடிப்புத் தைத்தால் நிறமும் வந்துவிடும், வலுவும் வந்துவிடும். போர்வைத் துணி போடாதீர்கள், ஒரு கோடை தாங்காது.

நேர் வெயில் பிரம்புக்கு எதிரி, உலர்ந்து முறியும். நிழலான வராந்தாவில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அடிப்பக்கம் ஈரத்துணியால் துடைத்தால் போதும். இதைத் தவிர வேலை இல்லை. தண்ணீர் இல்லை, கொசு இல்லை, எடை ஒருவர் தூக்கும் அளவு. எல்லாவற்றுக்கும் மேலாக, நான் அதிக மதிப்பெண் கொடுப்பேன் என்று சொன்ன அளவுகோலில் மற்ற மூன்றும் இதன் பக்கத்தில் வர முடியாது. மாலை ஐந்து மணிக்குக் காற்று திரும்பும்போது வீட்டில் இருப்பவரை வெளியே இழுத்து உட்கார வைக்கும் பொருள் இது ஒன்றுதான்.

## ஒரு பார்வையில்

| | உருளி | கல்தொட்டி | தையல் மிஷின் கால் | சாய்வு நாற்காலி |
|---|---|---|---|---|
| பொருத்தமான வெயில் | காலை வெயில் | 5–6 மணி நேர வெயில் | எதுவும் | நிழல் |
| நகர்த்துவது | தண்ணீரோடு கடினம் | இயலாது | இருவர் | ஒருவர் |
| வழக்கமான வேலை | நாள்தோறும் | தண்ணீர் நிரப்புதல் | ஆண்டுக்கு ஒரு பெயின்ட் | இரண்டு வாரத்துக்கு ஒரு துடைப்பு |
| கொசு | மிகக் கவனம் தேவை | மீன் இருந்தால் இல்லை | இல்லை | இல்லை |
| எதிர்பாராத செலவு | பளபளப்பு, திருட்டு | ஏற்றுக்கூலி | வார்ப்பு விரிசல் | பின்னல், மூட்டைப்பூச்சி |

## நான் சேர்க்காத இரண்டு

பழைய சன்னல் சட்டங்களைச் சுவரில் மாட்டுவது இப்போது பரவலாகிவிட்டது. பெயின்ட் உரியும் சட்டத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதுதான் இதில் ஆபத்து. வீட்டுப் பெயின்டில் ஈயத்தின் அளவை இந்தியாவில் 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்று கட்டுப்படுத்திய விதி 2017இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம், அந்தத் தூள் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். குழந்தைகள் உள்ள வீட்டில் உலர்ந்த நிலையில் ஒருபோதும் தேய்க்காதீர்கள்.

அடுத்தது, கல்லிலோ உலோகத்திலோ ஆன பழைய சிலைகள், கோயில் சிற்பத் துண்டுகள். நூறாண்டு கடந்த சிற்பங்கள் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்கீழ் வருபவை. எங்கிருந்து வந்தது என்று கடைக்காரர் காட்ட முடியாத எதையும் வராந்தாவுக்குக் கொண்டுவர வேண்டாம்.

## எந்த வீட்டுக்கு எது

மாடியில் வாடகைக்கு இருப்பவர்கள் தையல் மிஷின் காலை எடுத்துக்கொள்ளுங்கள். பரணில் கிடப்பதையா காயலான் கடைக்குப் போடுவது? பெயின்ட் அடித்து வையுங்கள்.

சொந்த வீடு, தரைத்தளம், படியோரத்தில் வெயில், பத்து ஆண்டாவது நகரப்போவதில்லை என்றால் கல்தொட்டி. ஆட்டுக்கல் இருந்தால் அதிலிருந்து தொடங்கிப் பாருங்கள். தினமும் தண்ணீர் மாற்றும் பழக்கம் உங்களுக்கு வருகிறதா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

கணவன், மனைவி இருவரும் காலை எட்டு மணிக்கு வேலைக்குக் கிளம்பிவிடும் வீட்டில் உருளி வேண்டாம். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வெளியே வரட்டும், மற்ற நாட்களில் காய்ந்தபடி உள்ளே இருக்கட்டும்.

பெரியவர்கள் இருக்கும் வீடு, மாலையில் அக்கம்பக்கத்தார் வந்து பேசும் வீடு, பள்ளி விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகள் வரும் வீடு என்றால் தயங்காமல் சாய்வு நாற்காலி. ஆனால் முழங்கால் வலி உள்ள பெரியவருக்குத் தாழ்வான துணி நாற்காலியிலிருந்து எழுவது பெரும்பாடு. அவருக்குக் கை நீண்ட, உயரமான பிரம்பு வகையே சரி. வாங்கும் முன் அவரையே உட்கார்ந்து எழச் சொல்லிப் பாருங்கள்.

மேற்கு பார்த்த, மறைப்பில்லாத வராந்தாக்காரர்களுக்கு என் யோசனை வேறு. இந்த ஆண்டு எந்தப் பழைய பொருளையும் வாங்க வேண்டாம். அந்தப் பணத்துக்கு மூங்கில் தட்டியோ வெட்டிவேர் தட்டியோ போடுங்கள். உள்நாட்டு வறண்ட ஊர்களில் வெட்டிவேர் தட்டியை நனைத்துவிட்டால் காற்று நன்றாகவே குளிரும், மணமும் வரும். கடற்கரை ஊரில் மூங்கில் தட்டி போதும். நிழல் வந்த பிறகு எந்தப் பொருள் வேண்டும் என்று அடுத்த மாசியில் பார்த்துக்கொள்ளலாம்.